கயிறு பிடித்தவன் பங்கு

1959 ஓகஸ்ட் 9, முல்லைத்தீவு
கல்லூரி விடுமுறை. இந்த வருட டெனிஸ் கோப்பை எனக்கு. இறுதியாட்டத்தில் தில்லைநாதனை வென்றேன். அவனுடைய தகப்பன் கொழும்பில் டொக்டர். றாக்கெட் மட்டும் மூன்று வைத்திருக்கிறான். என்னுடையது கல்லூரிப் பாதர் தந்த பழையது. நரம்பு அறுந்த இடத்தில் அப்பா தூண்டில் நூல் கட்டித் தந்தார். மீன்காரன் முடிச்சு, அவிழாது.

ஓகஸ்ட் 24
இரண்டு வாரமாக இங்கே உத்தியோகத்தர் கிளப்பில் ஆடுகிறேன். ஆட ஆள் போதாதென்று செயலாளர் பரமலிங்கம்தான் கூப்பிட்டார். இன்று முடிந்ததும் காசு வைத்த ஒரு கவரை நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் கரையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவனுக்குப் பங்கு உண்டு. மறுத்தால் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியை அவமதித்ததாகும். இரண்டு கையாலும் வாங்கினேன்.
அப்பா அதை அந்தோனியார் படத்துக்கு முன்னால் வைத்தார். "உழைச்சனீ, தந்தவை," என்றார்.

1960 மார்ச் 2
வட மாகாணப் போட்டியிலும் வெற்றி. அடுத்தது கொழும்பு, அகில இலங்கைப் போட்டி. அங்கே நன்றாக ஆடினால் இந்தியா போகும் குழுவில் எடுப்பார்களாம். எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். இது ஒன்றுதான்.

மார்ச் 20
விண்ணப்பம் அனுப்பினேன். அதில் ஒரு கேள்வி – டெனிஸ் ஆடியதற்குப் பணம் பெற்றதுண்டா? "உண்டு" என்று எழுதி, கிளப்பின் பெயரையும் போட்டேன். பெரிய மனிதர்கள் கூப்பிட்டுப் பங்கு தந்தார்கள் என்றால் ஆட்டம் தெரிந்தவன் என்றுதானே விளங்கும்.

மே 3, கொழும்பு
பேரை வெட்டிவிட்டார்கள்.
மேசையில் இருந்தவர் கோபப்படவில்லை. காசுக்கு ஆடியவன் தொழில்காரனாம். இது தொழில்காரருக்கான போட்டி இல்லையாம். ஒருமுறை வாங்கினாலும் வாங்கியதுதான். "கிளப் மார்க்கர்மாருக்கு ஒரு போட்டி இருக்கு. அதுக்கு வாரும்."
மார்க்கர் – கோடு போட்டு, வலை கட்டி, மெம்பர்மாரோடு ஆடிக் கூலி வாங்குபவன். நான் அதுவா?
வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். தில்லைநாதன் உள்ளே ஆடிக்கொண்டிருந்தான். என்னைக் கண்டு கை காட்டினான். நான் காட்டவில்லை.
ஏன்டா மத்தேயு எழுதினனீ? ஆர் உன்னைக் கேட்டது? கேட்டவைதான்... கேட்டாலும் எழுதுறதே?

மே 6, முல்லைத்தீவு
பரமலிங்கத்திடம் போனேன். அது கூலி இல்லை, பஸ் செலவு என்று ஒரு கடிதம் தரும்படி கேட்டேன்.
"நீர் எழுதினதுக்கு மேல நான் என்னத்தை எழுதுறது? என்னைப் பொய்யனாக்கப் பாக்கிறீரோ?" பிறகு குரலை இறக்கி, "எங்கட கிளப்புக்கு ஒரு மார்க்கர் தேவை. யோசிச்சுச் சொல்லும்," என்றார்.

ஜூன் 1
சேர்ந்தேன்.

நவம்பர் 12
சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் வெந்துபோயிற்று. நீதவானிடம் 4–6 தோற்றேன். அவருக்கு வயது ஐம்பத்தேழு. தோற்கத்தான் சம்பளம்.

1961 செப்ரெம்பர் 17, கொழும்பு
மார்க்கர்மார் போட்டியில் முதலிடம். பார்க்க இருபது பேர்கூட வரவில்லை.
அரையிறுதியில் என்னோடு ஆடியவர் மஸாஹிர் நானா, வவுனியாக்காரர். இருபது வருடமாகக் கொழும்பில் மார்க்கர். வெல்ல வேண்டிய பந்துகளையெல்லாம் வலையில் அடித்தார். முடிந்தபின் கையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "மெம்பர்மாருக்கு விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்துக் கை பழகிப்போச்சு தம்பி. வெல்லுவம் எண்டாலும் வருகுதில்லை."
கோப்பையைப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

1962 பெப்ரவரி 10, முல்லைத்தீவு
தில்லைநாதன் வந்தான். இந்தியாவில் ஆடிவிட்டு வந்தவன், கிளப்பின் விருந்தாளி. என்னோடு ஒரு காட்சி ஆட்டம் என்று ஏற்பாடு. காலையிலேயே பரமலிங்கம் சொல்லிவிட்டார்: "பாத்து விளையாடும். வந்த மனிசன் தோத்துப் போகக்கூடாது." ஓம் என்றேன்.
முதல் இரண்டு பந்தையும் வேண்டுமென்றே வலையில் அடித்தேன். சுலபமாக இருந்தது. அவ்வளவு சுலபமாக இருந்ததுதான் பயமாகிவிட்டது. மஸாஹிர் நானாவின் கை ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றையும் விட்டுக் கொடுக்கவில்லை.
தில்லைநாதன் வந்து கையைப் பிடித்தான். "நீ அங்க வந்திருக்க வேணும் மத்தேயு." மனதாரத்தான் சொன்னான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.
அவர்கள் தேநீருக்கு உள்ளே போனார்கள். நான் வலையைக் கழற்றிச் சுருட்டினேன். பரமலிங்கம் வெளியே வந்து ஒரு கவரைத் தந்தார். வழக்கத்தைவிடத் தடிப்பு. "நாளையில இருந்து வரத் தேவையில்லை," என்றார்.
இரண்டு கையாலும் வாங்கினேன்.
அப்பா கவரைத் தொட்டுப் பார்த்தார். "இண்டைக்குப் பங்கு பெரிசுபோல?" முகமெல்லாம் சந்தோஷம். ஓம் அப்பா என்றேன். அந்தோனியாருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தார். நாளைக்குச் சொல்ல வேண்டும்.
காட்சி ஆட்டம் எங்கேயும் பதிவாகாது. ஆகவே இங்கே எழுதி வைக்கிறேன்: 6–2, 6–3.