ராசாவுக்குச் சட்டத்தில் பெயரில்லை

4 ஆகஸ்ட், திங்கள்

மழை. மூன்றாவது நாள். உடுப்பு ஒன்றும் காயவில்லை. வீடு முழுக்க ஈரத் துவாய் மணம்.

வாடகை வீட்டு ஏஜென்டின் மின்னஞ்சல். போன மாதம் வீடு பார்க்க வந்த புதுப் பெண், ஹீட்டருக்குப் பக்கத்தில் ராசாவின் படுக்கையைக் கண்டுவிட்டாள். பழைய ஏஜென்ட் இரண்டு வருடமாகக் கண்டும் காணாததுபோல் இருந்த மனிதர். நானும் முறையாக அனுமதி கேட்கவில்லை. இப்போது கேட்டேன். மறுத்துவிட்டார்கள். இந்த அளவு நாய்க்கு இங்கே வெளியிடம் போதாதாம். மாத முடிவுக்குள் நாய் போக வேண்டும், அல்லது… அதற்குப் பிறகு வாசிக்கவில்லை.

இந்த அளவு நாய் பகல் முழுக்கத் தூங்குகிறது! பந்தய நாய் என்று பெயர்தான். தோற்றுத் தோற்றே ஓய்வு பெற்றவர். காதுக்குள் பச்சை குத்திய எழுத்துகள். படகில் வந்த காலத்தில் என்னையும் இலக்கம் சொல்லித்தான் கூப்பிட்டார்கள்.

மத்தியானம் ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் கூரைக்கு மேலால் போனது, ஊரில் சண்டைக்காலத்துச் சத்தம் மாதிரியே. கை நடுங்கத் தொடங்கிவிட்டது. கோப்பையை வைக்க முடியவில்லை. ராசா எழும்பி வந்து முழுப் பாரத்தையும் என் காலில் சாய்த்துக்கொண்டு நின்றார். சத்தம் போய்க் கனநேரத்துக்குப் பிறகுதான் நகர்ந்தார். எப்போதும் இப்படித்தான்.

வாங்க: பால், பருப்பு, நகம் வெட்டி (அவருக்கு).

5 ஆகஸ்ட், செவ்வாய்

மழை விட்டது. குளிர் விடவில்லை, இங்கே ஆகஸ்ட் குளிர்காலம்.

முதியோர் இல்லக் குசினியில் என்னோடு சமையல் வேலை செய்யும் செல்வியிடம் சொன்னேன். திருச்சிக்காரி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பாள்.

"அக்கா, இதுக்குப் போய் அழுவாங்களா? எமோஷனல் சப்போர்ட் அனிமல்னு ஒரு சர்டிபிகேட் இருக்கு. ஆன்லைன்லயே குடுக்கிறாங்க. அது இருந்தா நாயை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

"உண்மையாவோ?"

"ஆமாக்கா. வீடியோல பார்த்தேன்."

எந்த நாட்டு வீடியோ என்று கேட்கத் தோன்றவில்லை. தேநீர் இடைவேளையில் இருவருமாகப் படிவத்தை நிரப்பினோம். அவருடைய பெயர், நிறம், படம். எனக்கு என்ன வருத்தம், என்ன நோய் என்று ஒரு கேள்விகூட இல்லை. நிம்மதியாக இருந்தது.

8 ஆகஸ்ட், வெள்ளி

வெயில். துவாய்கள் காய்ந்தன.

அட்டை வந்தது. சிவப்பு அங்கியும் வந்தது. அங்கியைப் போட்டதும் ராசா அரசாங்க உத்தியோகத்தர் மாதிரி நின்றார். அட்டையை லாமினேட் பண்ணுவித்தேன். எங்களுக்கு எந்தக் கடதாசியையும் லாமினேட் பண்ணினால்தான் நித்திரை வரும். படம் எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பினேன்.

பின்னேரம் மறுமொழி. நன்றி, ஆனால் இது அங்கீகாரம் அல்ல. இரண்டே வரி.

செ. சொல்கிறாள்: "அவங்களுக்குச் சட்டம் தெரியலக்கா."

11 ஆகஸ்ட், திங்கள்

காற்று. வேலைக்கு லீவு.

வாடகைக்காரருக்கான இலவசச் சட்ட ஆலோசனை. தொலைபேசியில். வழக்கறிஞர் ஆங்கிலத்தில், நடுவில் மொழிபெயர்க்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி. நல்ல பிள்ளை. எனக்கு நோகாமல் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு வசனத்துக்கும் முன் கொஞ்சம் நின்றாள்.

"அம்மா, ஆறுதலுக்கு வச்சிருக்கிற விலங்கு எண்டு இந்த நாட்டுச் சட்டத்தில ஒண்டும் இல்லையாம். அது வெறும் செல்லப்பிராணிதானாம்."

"அப்ப அந்த அட்டை?"

"அதால ஒரு பிரயோசனமும் இல்லை எண்டு சொல்றா."

சட்டத்துக்குத் தெரிந்தது உதவி விலங்கு மட்டும். குருடருக்கு வழிகாட்டுவது மட்டுமல்ல, மன வருத்தத்துக்கும் இருக்கலாம். ஆனால் இரண்டு விஷயம் காட்ட வேண்டும். ஒன்று, எனக்கு அப்படியொரு வருத்தம் உண்டு. இரண்டு, அந்த வருத்தத்துக்கு உதவவும் வெளியில் ஒழுங்காக நடக்கவும் நாய் பழக்கப்பட்டிருக்கிறது. இரண்டும் இருந்தால் ஏஜென்ட் மறுப்பது கஷ்டம்.

"டொக்டரிட்ட கடிதம் எடுக்கலாமோ எண்டு கேக்கிறா."

"ஓம், ஓம். எங்கட டொக்டர் என்னை ஏழு வருஷமாப் பாக்கிறார்."

சொல்லும்போது எவ்வளவு சந்தோசமாகச் சொன்னேன்.

13 ஆகஸ்ட், புதன்

வெயில், குளிர். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனடியில் மரக்கறி வாங்கிக்கொண்டு டொக்டரிடம்.

எல்லாம் சொன்னேன். ஹெலிகொப்டர், நடுக்கம், மூச்சடைப்பு, கதவைத் தட்டினால் கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் போய் இருப்பது. வாழ்க்கையில் முதல்தரம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். ஏழு வருடம் நான் சொன்னதெல்லாம் இடுப்பு வலிதான். நாரி நோவு. நாரி நோவு. நித்திரையில்லை, காரணம் நாரி நோவு.

"நான் எத்தினை தரம் கேட்டனான் அக்கா? வேற ஏதும் இருக்கோ, மனசுக்கு ஏதும் கஷ்டமோ எண்டு?"

கேட்டார்தான். ஒவ்வொரு முறையும் கேட்டார். நான் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு, "இல்லை டொக்டர், நாரிதான்" என்றேன். தடுப்பு முகாமில் முதல் கிழமையே எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன புத்தி அது. மனம் என்று வாய் திறந்தால் விசா போச்சு. யார் முதலில் சொன்னது, உண்மையா, ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் நாரி நோவு. அகதி வழக்கில்கூட வெளியில் நடந்ததைத்தான் சொன்னேன். உள்ளே நடந்ததைச் சொல்லவில்லை.

"இப்ப எழுத மாட்டியளோ?"

"எழுதுவன். இண்டைக்குச் சொன்னதை இண்டைக்குச் சொன்னதா எழுதுவன். ஆனா நாயின்ர பிரச்சினை வந்த பிறகு வந்த வருத்தம் எண்டுதான் ஏஜென்ட் ஆக்கள் வாசிப்பினம். மனநல டொக்டரிட்ட அனுப்புறன். கன மாதம் காத்திருக்க வேணும்."

மாத முடிவு இந்த மாதத்தில்தான் இருக்கிறது. யாரிலும் கோபம் இல்லை. என்னில்தான். கத்தரிக்காயைக் கிளினிக்கிலேயே மறந்துவிட்டு வந்தேன்.

16 ஆகஸ்ட், சனி

மூட்டம். பூங்காவில் ராசாவைப் பழக்கினேன். "சிட்" என்றால் நிற்கிறார். "ஸ்டே" என்றால் பின்னாலேயே வருகிறார். "கம்" என்றால் புறாவைப் பார்க்கிறார். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சிரித்துவிட்டுச் சொன்னார், இந்த ரக நாய்க்குக் குந்தியிருக்கவே வராதாம், காலின் அமைப்பு அப்படியாம்.

ராசா எனக்குச் செய்வது என்னவென்று சட்ட ஆலோசனையில் எழுதச் சொல்லியிருந்தார்கள். எழுதினேன்.
1. சாய்வார்.
2. சத்தம் போன பிறகும் சாய்ந்திருப்பார்.
மூன்றாவது ஒன்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். குறட்டை.

யார் பழக்கியது என்று கேட்டால்? ஒருவரும் பழக்கவில்லை.

செ. போனில்: "டிரிபியூனல் கோர்ட்டுக்குப் போங்கக்கா, நான் கூட வர்றேன்." நல்ல மனது. ஆனால் உன் பயத்தை நிரூபி என்று கேட்கும் அறைகளில் ஏழு வருடத்துக்கு முன்பே இருந்து எழும்பியாயிற்று. இன்னொரு தரம் என்னால் முடியாது. வேறு வீடு ஐந்து பார்த்தேன். நாய் என்றதும் ஐந்து பேரும் ஒரே மாதிரி நல்லாகக் கதைத்து இல்லையென்றார்கள்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

நல்ல வெயில். ஏஜென்ட் பெண் நேரில் வந்தாள். டொக்டரின் கடிதத்தை வாசித்தாள். கெட்டவள் இல்லை. மகள் வயது.

அவள் நிற்கும்போதே ஹெலிகொப்டர். தாழ்வாக. எனக்குத் தொடங்கிவிட்டது. ராசா எழும்பி வந்து சாய்ந்தார். அவள் கண்ணுக்கு முன்னால். கடிதம் சொன்னது அப்படியே அவள் கண்ணுக்கு முன்னால்.

"ஆ, உங்களில் எவ்வளவு பாசம்!" என்றாள் ஆங்கிலத்தில். பிறகு என் கையைப் பார்த்தாள். "ஆர் யூ ஓகே?"

"ஓகே, ஓகே. குளிர். கொஞ்சம் நாரி நோவு."

வாய் தானாகச் சொன்னது. சிரித்துக்கொண்டும் சொன்னேன். அவள் தலையாட்டினாள், கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தாள்.

அவள் போன பிறகு கதிரையில் இருந்து கத்தி அழுதேன். மடைச்சி. மடைச்சி.

22 ஆகஸ்ட், வெள்ளி

மழை. ராசாவை எனக்குத் தத்துத் தந்த நாய்க் காப்பகத்துக்கே அறிவித்தாயிற்று. ஞாயிறு வருகிறார்கள். அவரைப் பற்றி எழுதிக் கொடுக்க வேண்டியவை: கோழி ஈரல் ஒத்துவராது. குளிருக்குப் போர்வை வேண்டும். ஹெலிகொப்டருக்கு

24 ஆகஸ்ட், ஞாயிறு

வெயில். பத்து மணிக்கு அவர்களுடைய வான் வண்டி வந்தது. சிவப்பு அங்கியை அவர்கள் திருப்பித் தந்துவிட்டார்கள், தேவையில்லையாம். கூட்டிக்கொண்டு போக வந்த பொடியன் "அப், அப்" என்று எத்தனையோ தரம் சொன்னான். பின்னால் தள்ளிப் பார்த்தான். ராசா அசையவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஏறுங்கோ ராசா," என்றேன். ஒரு தரம்தான் சொன்னேன்.

ஏறிவிட்டார்.