டெய்லருக்கு மட்டும் உடனே பதில்

என் வீட்டு ராணிக்கு,

நான் சுகம். நீயும் பாப்பாவும் சுகமா? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

போனில் அனுப்பினால் நீ பார்ப்பதோடு சரி, பதில் வராது. அதனால்தான் ஊருக்கு வரும் பக்கத்து அறை எலக்ட்ரீஷியன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டெய்லர் ‘பிளவுஸ் ரெடி’ என்று மெசேஜ் போட்டால் மட்டும் அடுத்த நிமிஷமே ‘நன்றி அண்ணா’ என்று போடுகிறாயாம். உன் தம்பி சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது.

நான் வேலை பார்க்கும் சலவைக் கடையிலிருந்து மெசேஜ் அனுப்ப வேண்டுமானால், வாடிக்கையாளரிடம் முதலில் கேட்க வேண்டும். அவரே திரையில் ‘சரி’யைத் தொட வேண்டும். போன வாரம் பொறுக்க முடியாமல், கடைக்காவது பதில் போடுகிறாயா பார்ப்போம் என்று உன் நம்பரைப் போட்டு, உனக்காக நானே ‘சரி’யைத் தொட்டுவிட்டேன். ‘உங்கள் துணி தயார்’ என்று உனக்கு வந்ததே, அது என் வேலைதான். நீ உடனே ‘யாருங்க நீங்க? இனிமே அனுப்பாதீங்க’ என்று போட்டாய்.

அதைப் பார்த்த மேனேஜர் அம்மா, “கட்டின பொண்டாட்டியா இருந்தாலும் அவங்களே சரின்னு சொல்லணும்ப்பா” என்றார். பயப்படாதே, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முன்பின் தெரியாத கடைக்குக்கூட உடனே பதில் போட்டாயே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

பாப்பா பேசுவதைப் பதிந்து அனுப்பு. என் நீலச் சட்டைக்குப் பட்டன் வைக்க டெய்லரிடம் கொடுக்காதே, நீயே தைத்து வை.

எலக்ட்ரீஷியன் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். கடை முறைப்படியே கேட்கிறேன்: தினமும் உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பலாமா? சரியென்றால் ‘சரி’ என்று போடு. பழக்கதோஷத்தில் ‘நன்றி அண்ணா’ என்று போட்டுவிடாதே.

உன் வீட்டுக்காரன்