நீலக் கட்டம் போட்ட ஏப்ரன்

ஹோம் க்ரீக், நெப்ராஸ்கா
8 செப்டம்பர் 1958

அருமை மருமகள் வெர்னாவுக்கு,

வலது கையைப் பைபிள் மேல் வைத்துக்கொண்டு இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணியிருப்பது அதனால்தான். சொல்லப்போகும் கதையை நீ நம்பமாட்டாய். இந்த மாநிலத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அம்மாவின் நீலக்கட்ட ஏப்ரனை அனுப்புங்கள், வீட்டை விற்றுவிடுங்கள், இனி அந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்று எழுதியிருந்தாய். உடனே தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறை மீது படையெடுத்தேன். உன் அம்மாவின் தோழி தெக்லா அடுப்படியில் நின்றாள். ஏப்ரன், உன் அம்மா சமைத்து முடித்து மாட்டும் அதே ஆணியில் தொங்கியது. துவைத்து அவள் போட்டிருந்த கஞ்சியின் விறைப்புக்கு, அது ஆளில்லாமலே இறங்கிவந்து சூப்பைக் கிளறும்.

"அதக் குடு தெக்லா, பொண்ணு கேக்குறா."

"அவளே வந்து கேக்கட்டும். நீ வந்த வழியப் பாத்துப் போ, ஆர்விட்."

சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள் பார். அந்தக் கண்ணீரில் முதலில் உருளைக்கிழங்குகள் மிதந்தன. பிறகு காபி அண்டா. பாதிரியார் படகில் வந்து என்னை ஜன்னல் வழியாக மீட்டார். ஏப்ரன் மட்டும் நனையவில்லை. தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள்.

வெள்ளத்தில் தப்பிய உன் மாமா,
ஆர்விட்


சிகாகோ
15 செப்டம்பர் 1958

அன்புள்ள மாமாவுக்கு,

படித்தேன். சிரிப்பு வரவில்லை.

அம்மாவை அடக்கம் செய்த அன்று சாப்பாட்டுக்கு எல்லாரும் கீழ்த்தளத்தில் கூடியிருந்தார்கள். அம்மாவின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு காபி ஊற்றப் போனேன். ஊரே பார்க்க, தெக்லா அத்தை பின்னால் வந்து முடிச்சை அவிழ்த்தார். "கழட்டும்மா. இது உன் வேலையில்ல." ஊரை விட்டு ஓடியவளுக்கு அந்த உரிமை கிடையாது என்றுதானே அர்த்தம்? அப்படியே வெளியேறிவிட்டேன்.

இங்கே கடை ஜன்னலில் நீலக்கட்டத் துணியைக் கண்டால் கால் நின்றுவிடுகிறது. சின்ன வயதில் கூட்டத்தில் அம்மாவைத் தேட நான் முகங்களைப் பார்த்ததில்லை. வெள்ளைக் கட்டங்களில் அவள் தைத்த நூல் நட்சத்திரங்களைத்தான் தேடுவேன். என் உயரத்துக்கு அதுதானே தெரியும். அது ஒன்று போதும் மாமா. அனுப்புங்கள்.

வெர்னா


ஹோம் க்ரீக்
21 செப்டம்பர் 1958

கண்ணே வெர்னா,

இதை வலது கையால் எழுதுகிறேன்.

நம் தேவாலயத்தில் துக்க வீட்டுப் பெண் அன்றைக்கு ஏப்ரன் கட்டக்கூடாது. அவள் உட்கார வேண்டும். மற்றவர்கள் அவளுக்கு ஊற்ற வேண்டும். உன் அப்பா போனபோது உன் அம்மாவும் அப்படித்தான் உட்கார்ந்தாள், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல். நீ அப்போது கைக்குழந்தை. இதை யாரும் சொல்லித் தருவதில்லை. அவரவர் வீட்டில் சாவு விழும்போதுதான் தெரிகிறது.

தெக்லா உன்னைத் தள்ளவில்லை, உட்காரவைக்கப் பார்த்தாள். நீ அதற்குள் கதவைத் தாண்டிவிட்டாய். உனக்காக ஊற்றிய காபி மேசையிலேயே ஆறிக் கிடந்தது. அதை எடுத்துக் கொட்ட எவளுக்கும் மனம் வரவில்லை.

அக்டோபரில் அறுவடை விருந்து. அன்று நீ ஏப்ரன் கட்டத் தடையில்லை. வீட்டை விற்கவில்லை, சாவி என்னிடம் இருக்கிறது. வராவிட்டால் ஒரு வரி எழுது, தெக்லாவோடு மல்லுக்கட்டியாவது ஏப்ரனை அனுப்பிவிடுகிறேன்.

போன கடிதத்தில் உருளைக்கிழங்கு மிதந்தது பொய். நம் பாதிரியாருக்குத் தண்ணீரைக் கண்டாலே பயம், படகுக்கு எங்கே போவார். அவள் அழுதது மட்டும் நிஜம்.

உன் மாமா,
ஆர்விட்