பூனைச் சடையில் மஞ்சள் பஞ்சு

அக்கா,

மருமகள் ஒரு சடைப் பூனை வாங்கி வந்திருக்கிறாள். நேற்று அதன் காதுக்குப் பின்னால் முடி சிக்குப் பிடித்துக் கிடந்ததைப் பார்த்துக் கத்தரியை எடுத்தாள். "வை அதை" என்று அதட்டிவிட்டு, மரவள்ளிக் கிழங்கு மாவு ஒரு சிட்டிகை கொண்டுவந்து சிக்கின்மேல் தூவினேன். அந்த லேசான புளிப்பு வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

எண்பதுகளின் தொடக்கம். நாமக்கல்லில் அடுத்தடுத்த வீடு நமக்கு. உங்கள் வீட்டுக்காரர் வடக்கே லோடு போய்த் திரும்பும்போது லாரியில் அந்தச் சாம்பல் பூனையைக் கொண்டுவந்தார். அதே மாதம்தான் நாங்கள் கொல்லையில் கோழிக்குஞ்சு இறக்கினோம். தினமும் காலையில் எண்ணினால் ஒன்றிரண்டு குறையும். பால்காரர் சிரித்தாலே பாலை முகர்ந்து பார்க்கிறவள் நான். பூனையை விடுவேனா?

மத்தியானமானால் உங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்வேன். பேச வருகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் வந்தது உளவு பார்க்க. நீங்கள் பூனையை மடியில் போட்டு, மாவைத் தூவி, விரலால் சிக்கைப் பிரித்து, அப்புறம்தான் அகலப்பல் சீப்பைத் தொடுவீர்கள். "வேரைப் புடிச்சுக்கிட்டு நுனியில இருந்து வரோணும். இழுத்தா அதுக்கு நோவுமல்ல?" என்பீர்கள்.

தினமும் எதற்கு இத்தனை சீவல்? மாவு ரத்தக்கறையை மறைக்கவா? இப்படி ஓடும் என் புத்தி. நீங்கள் தண்ணீர் பிடிக்க எழுந்து போனதும், சீப்பிலிருந்து உருட்டிப் போட்ட முடியைப் பிரித்துப் பார்ப்பேன். கேவலம்தான்.

ஒரு நாள் வயிற்றடிச் சிக்கைப் பிரித்தீர்கள். உள்ளிருந்து மஞ்சள் பஞ்சு வந்தது. குஞ்சின் மேல் இருக்கிற அதே பஞ்சு. இருவருமே பார்த்தோம்.

"எங்க ஊட்டுக்காரரு மருந்து வெச்சரலாம்ங்கறாருங்க்கா" என்றேன்.

நீங்கள் அதன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். "வேண்டாஞ் சாமி. நாளைக்கு லாரி கெளம்புது. தூரமா எங்கியாச்சும் நல்ல ஊட்டுல உட்டுட்டு வரச் சொல்றேன்."

மாதத்தில் பாதி நாள் அவர் ரோட்டில். வீட்டில் உங்களுக்கென்று இருந்த உயிர் அது ஒன்றுதான். மறுநாள் போய்விட்டது. குஞ்சு அப்புறமும் குறைந்தது. ஒரு வாரம் கழித்து, தீவன மூட்டைக்கு அடியில் பெருச்சாளி வளையைக் கண்டுபிடித்து, ஆள் வைத்து அடித்தோம்.

அன்று மத்தியானமும் வழக்கம்போல உங்கள் வீட்டுக்கு வந்தேன். பேச்சினிடையே என் முந்தானையிலிருந்து எதையோ எடுத்தீர்கள். மஞ்சள் பஞ்சு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தினமும் குஞ்சுக் கொட்டகையிலிருந்து நேராக எழுந்து வந்து உங்கள் வீட்டில் உட்கார்ந்தவள் நான். அந்தப் பூனை இருந்தவரை, உங்கள் மடியை விட்டு இறங்கினால் என் சேலையில்தான் உரசிக்கொண்டு கிடக்கும்.

நீங்கள் பஞ்சை ஊதிவிட்டீர்கள். "இப்பக் குஞ்சு கொறையறதில்லையே சாமி?"

"பூனை போனதுல இருந்து இல்லீங்க்கா."

பெருச்சாளி அடித்தது தெரியாமல்தான் கேட்டீர்களா? நாற்பது வருஷமாக இது மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் உயிரோடு இருந்தபோது கேட்கத் தைரியம் வரவில்லை. தெரிந்துதான் கேட்டீர்கள் என்றால், அதற்குப் பிறகும் அத்தனை வருஷம் நான் வரும்போதெல்லாம் காப்பி கலந்து கொடுத்தீர்களே அக்கா.