முதலாளிக்கு ஒரு காபி மெஷின்

நவம்பர் 3, திங்கள்

மழை. தைவானிலேயே அதிகம் மழை பெய்யும் இந்தக் கீலுங்கில், நவம்பர் மாதத்தில் இதை எழுதுவதே வெட்டி வேலை. துணி காயவில்லை. என் புருஷன் யாவ்தேயின் காலுறையை முடி காயவைக்கும் மெஷினில் காட்டிக் காட்டி, பாதி ஈரத்தோடு மாட்டி அனுப்பினேன்.

இன்று கிளினிக்குக்குப் பல் சுத்தம் செய்துகொள்ள ஒருவர் வந்தார். நான் பெயர் பதியும்போதே என் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். "கோயில் சந்து காபிக் கடை முதலாளியம்மாதானே நீங்க? முதலாளி எப்படி இருக்கார்?"

நன்றாக இருக்கிறார் என்றேன். பொய்யில்லை. கடை இருந்த கட்டடத்தை இடிக்கப்போகிறார்கள் என்று வசந்த காலத்தில் காலி செய்ததிலிருந்து யாவ்தே மீன் வடை ஆலைக்கு வேன் ஓட்டுகிறான். விடியும் முன்பே போகிறான், மதியமே வந்துவிடுகிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், என்னோடு சண்டை போடுகிறான், குளிக்கும்போது பாடுகிறான். அவன் மேல் எப்போதும் வடை எண்ணெய் வாசனை, அதுவும் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை.

காபி மட்டும் குடிப்பதில்லை. ஒரு சொட்டுகூட. பாட்டிலில் வரும் பால் தேநீரைக் குடிக்கிறான். பன்னிரண்டு வருஷம் காபி போட்டு விற்ற மனுஷன், அந்தச் சர்க்கரைத் தண்ணீரை எப்படித்தான் குடிக்கிறானோ.

டிசம்பர் 6 அவனுக்குப் பிறந்தநாள். வீட்டுக்கு ஒரு காபி மெஷின் வாங்கிக் கொடுக்கப் போகிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

நேற்று எழுதியதைப் படித்தேன். எனக்குப் பைத்தியமா?

நவம்பர் 9, ஞாயிறு

தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு தைபேய்க்குப் பஸ் ஏறினேன். ஒரு தளம் முழுக்கக் காபி மெஷின்கள். விற்கிற பையன் என்னை விடவே இல்லை.

"இது பாருங்க அக்கா, பொத்தானை அமுக்கினாப் போதும். அரைச்சு, வடிச்சு, பால் நுரைச்சு எல்லாம் அதுவே பண்ணிடும். ஒண்ணுமே தெரியாதவங்களுக்குன்னே செஞ்சது."

யாவ்தேக்கு இதைக் கொடுத்தால்? சமையல்காரனுக்குப் பிறந்தநாள் பரிசாக உடனடி நூடுல்ஸ் கொடுத்த மாதிரி. வேண்டாம் என்றேன். மாத்திரை மாதிரி டப்பா போடுகிற ஒன்றைக் காட்டினான். அதுவும் வேண்டாம்.

அப்புறம் மூலையில் அந்தப் பெரியது. ஒரே சமயத்தில் இரண்டு கப் வடிக்க இரண்டு தலை, பளபளவென்று. கடையில் இருந்ததன் தம்பி மாதிரியே இருந்தது. கடை மெஷினை விற்ற அன்று, வாங்கினவர்கள் வண்டியில் ஏற்றுகிறவரை யாவ்தே கையில் துணியோடு அதைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வண்டி போன பிறகு துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். இந்தத் தம்பியைக் கொண்டுபோய்ச் சமையலறையில் நிறுத்தினால் தினமும் அவன் முன்னால் துக்கம் விசாரித்த மாதிரி ஆகிவிடும்.

சின்னது கொடுத்தால் அவமானம். பெரியது கொடுத்தால் வலி. நடுவில் என்ன இருக்கிறது?

"வீட்ல யாரு காபி போடுவாங்க?" என்று கேட்டான் பையன்.

"என் வீட்டுக்காரர்."

"அவருக்குப் போடத் தெரியுமா?"

கொஞ்சம் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் சிரிப்பு.

நவம்பர் 12, புதன்

கிளினிக்கில் மெய்ஷுவானிடம் வாயை விட்டுவிட்டேன். டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுப்பவள், எல்லாவற்றையும் பிடுங்கி எறிய வேண்டும் என்பதுதான் அவள் கட்சி. "அவரே மறந்துட்டு நிம்மதியா இருக்கார். நீ ஏன்டி போய்க் கிளர்றே?"

மறக்கவில்லையே. அதுதானே விஷயம்.

ஏப்ரலில் ஒரு நாள் சாப்பிடும்போது, "முதலாளி, அந்த மீனை இப்படித் தள்ளு" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. நான் அவனை வேறு எப்படிக் கூப்பிட்டேன்? கிளினிக்குக்கு ஓடும் வழியில் அவன் கடையில் காபி வாங்கிப்போகும் வாடிக்கைக்காரியாக இருந்தபோதும் முதலாளி. கல்யாணம் ஆன பிறகும் முதலாளி. குறட்டை விட்டால் விலாவில் இடித்து, "முதலாளி, திரும்பிப் படு." ஊரே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. நான் மட்டும் கூப்பிட்டபோது அதற்கு வேறு அர்த்தம் இருந்தது, அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அன்றைக்கு அவன் கோபப்படவில்லை. மீனைத் தள்ளினான். "எந்தக் கடைக்கு?" என்று மட்டும் கேட்டான்.

அதிலிருந்து யாவ்தே என்றுதான் கூப்பிடுகிறேன். சொந்தப் புருஷனை அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கிறது. யாரோ ஒருவன் வீட்டில் வந்து தங்கியிருக்கிற மாதிரி.

எனக்கு அந்த வார்த்தை திரும்ப வேண்டும். மெஷின் எல்லாம் சும்மா சாக்கு.

நவம்பர் 18, செவ்வாய்

ஒரு சோதனை செய்தேன். முக்குக் கடையில் லாத்தே வாங்கி வந்து மூடியைத் திறந்து சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, துணி மடிப்பதுபோல் நடித்தேன். யாவ்தே தண்ணீர் குடிக்க வந்தான். நின்றான். குனியக்கூட இல்லை, மூக்கு மட்டும் லேசாக அசைந்தது.

"பாலை ஏத்தமாக் காய்ச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மூக்கு உயிரோடு இருக்கிறது! அந்தத் தீய்ந்த லாத்தேயை முழுசாக நானே குடித்தேன். ராஜபோகமாக இருந்தது.

நவம்பர் 22, சனி

முடிவு செய்துவிட்டேன். ஒற்றைத் தலை. தூளைக் கைப்பிடியில் தானே அழுத்தி மாட்ட வேண்டும், பாலைத் தானே நுரைக்க வேண்டும். வேலை அவன் கையில். ஆனால் உருவம் குள்ளமாக, வெள்ளையாக, வீட்டுப் பொருள் மாதிரி இருக்கிறது. கடை ஞாபகம் வராது.

நெற்றியில் வட்டமாக ஒரு குட்டிக் கடிகாரம். எத்தனை மணிக்குச் சூடாக வேண்டும் என்று முதல் நாளே திருப்பி வைத்துவிடலாமாம். நாலரை மணிக்கு எழுந்து மழையில் போகிறவன், எழுந்து வரும்போதே தயாராக இருக்கும். அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நவம்பர் 27, வியாழன்

பெட்டி வந்தது. கீழ் வீட்டில் மாமியாரிடம் ஒளித்து வைக்கலாம் என்று கொண்டுபோனேன். பார்க்கணும் என்றார், திறந்து காட்டினேன். பார்த்தார், கையை இழுத்துக்கொண்டார்.

"பெய்யூன். யாரைச் சுடுகாட்டுக்கு அனுப்பப் பாக்கறே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடிகாரம். கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்கிறேன்! எங்கள் சீன மொழியில் 'கடிகாரம் கொடுக்கிறது' என்று சொன்னாலும் 'கடைசி வழி அனுப்புகிறது' என்று சொன்னாலும் காதுக்கு ஒன்றுதான், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். சுவர்க் கடிகாரம், கைக் கடிகாரம் என்றால் நானே கிட்டப் போயிருக்க மாட்டேன். காபி மெஷின் நெற்றியில ஒட்டிக்கிட்டு வந்தா எவளுக்குத் தோணும்? அதுவும் பிறந்தநாளைக்கு. ஐயோ, என் புத்தியை என்ன சொல்ல.

"காபி மெஷின்தானேம்மா, கடிகாரமில்லையே" என்று மழுப்பிப் பார்த்தேன்.

"முள்ளு ஓடுதா இல்லையா?"

ஓடியது.

திருப்பி அனுப்பிவிடலாமா என்றேன். மாமியார் தேநீர் போட்டுக் கொடுத்தார். திட்டி முடித்துவிட்டால் அவருக்கு மனசு இளகிவிடும். "அதெல்லாம் வேண்டாம். அவன் உனக்கு ஒரு காசு கொடுக்கட்டும். ஒரு யுவான் போதும். அப்ப அது பரிசு இல்ல, அவன் விலைக்கு வாங்கினது. தோஷமில்ல. ஆனா அவன் கைக்காசா இருக்கணும், அவனா எடுத்துக் கொடுக்கணும்." ஒரு சிவப்புக் காகிதத்தைக் கத்தரித்துக் கடிகாரத்தின் மேல் ஒட்டினார். அதுவரைக்கும் அது கண்ணை மூடிக்கொண்டு இருக்கட்டுமாம்.

மேலே வந்து யோசித்தேன். பரிசு என்றால் வேறு வழியில்லாமல் வாங்கிக்கொள்வான். இப்போது அப்படி இல்லை. கடை மெஷினைத் தன் கையாலேயே விற்றவன், தன் கையாலேயே காசு எடுத்து இன்னொன்றை வாங்க வேண்டும். வாங்கவில்லை என்றால்?

டிசம்பர் 6, சனி

மாமியார் பன்றிக்கால் சேமியா செய்திருந்தார். சேமியாவைக் கடிக்காமல் உறிஞ்சணும், ஆயுசு நீளணும் என்று பக்கத்திலேயே காவல் நின்றார். நாற்பத்திரண்டு வயசுப் பிள்ளை ஒழுங்காக உறிஞ்சினான். அப்புறம் மெஷினைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன்.

யாவ்தே எழுந்தான். சுற்றி வந்து பார்த்தான். கைப்பிடியைத் தொடவில்லை. சிவப்புக் காகிதத்தின் ஓரத்தைத் தூக்கினான்.

"கடிகாரமா?" சிரித்துவிட்டான். "ஏன், ஆயுள் காப்பீட்டுப் பணம் நெறைய வருதா?"

"காசை எடுடா மொதல்ல" என்றார் மாமியார்.

சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாம் தட்டினான். "சில்லறை இல்லையே." மாமியார் தன் பணப்பையைத் திறந்தார், பிறகு அவர் போட்ட சட்டம் அவருக்கே நினைவு வந்து மூடிக்கொண்டார். "அப்புறம் தர்றேன்" என்று மெஷினைத் தூக்கிச் சமையலறை மேடையில் வைத்தான். வயரைச் சொருகவில்லை. நன்றி சொன்னான். என்னிடம், நன்றி!

சில்லறை இல்லையாம். வேன்ல முன்னாடி ஒரு டப்பா நெறைய சில்லறை கெடக்கு, எனக்குத் தெரியாதா? வாசல்ல நிக்குது வேன். கல்லுளிமங்கன். வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லித் தொலைச்சா என்ன? குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன். மெய்ஷுவான் சொன்னதுதான் சரியோ?

டிசம்பர் 7, ஞாயிறு

காசு வரவில்லை.

டிசம்பர் 10, புதன்

வரவில்லை. ஆனால் இன்று இரவு சாப்பிடும்போது, என்னைப் பார்க்காமல், கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னான்: "அதுல ஆவி வர்ற குழாய் குட்டையா இருக்கு. பால் சரியாச் சுத்தாது."

"காசு கொடுக்காதவங்க குறை சொல்லக் கூடாது" என்றேன்.

"சும்மா பார்த்தேன். சொன்னேன்."

"சும்மா பார்த்தாக் குழாய் நீளம் தெரியுமா?"

கிண்ணத்துக்குள் குனிந்து சாப்பிட்டான். காது சிவந்திருந்தது. நான் இல்லாத நேரத்தில் பார்த்திருக்கிறான், திருடன். இரண்டாவது கிண்ணம் சோறு போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 13, சனி

காலையில் கண்ணாடியைத் தேடிக் கையை நீட்டினால், அதன் மேல் சில்லென்று ஒரு நாணயம். ஒரு யுவான். வடை எண்ணெய் பட்டுப் பிசுபிசுவென்று இருந்தது. வேன் டப்பாக் காசுதான்.

காபி வாசனை படுக்கையறைவரை வந்திருந்தது. இந்த வீட்டில் அந்த வாசனை இருந்து எவ்வளவோ நாளாயிற்று. எழுந்து போனால் சிவப்புக் காகிதம் குப்பைத்தொட்டியில். அந்தத் துணி, கடை மெஷினைத் துடைத்த அதே துணி, அவன் தோளில். முதல் கப்பைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினான். இரண்டாவதையும் கொட்டினான்.

"கொட்டாதே, குடு" என்றேன்.

"இது காபி இல்ல. இரு."

மூன்றாவதைக் கொஞ்சம் குடித்துப் பார்த்தான். கண்ணை மூடவில்லை, தலையாட்டவில்லை, சினிமாவில் மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. "குடிக்கலாம்" என்று மீதியை என்னிடம் கொடுத்தான்.

வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன். 'எந்தக் கடைக்கு?' என்று இன்னொரு தடவை கேட்டால் என்னால் தாங்க முடியாது. காபி நன்றாக இருந்தது. அது போதாதா எனக்கு? போதும். கிட்டத்தட்டப் போதும்.

டிசம்பர் 23, செவ்வாய்

தினமும் போடுகிறான். மாமியார் கீழிருந்து கப்போடு ஏறி வருகிறார். கசக்கிறது என்று திட்டிக்கொண்டே குடிக்கிறார், மறுநாளும் வருகிறார். யாவ்தே ஆவிக் குழாயைக் கழற்றி, எங்கிருந்தோ நீளமானது ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிவிட்டான். பால் தேநீர் பாட்டில் வாங்குவதை நிறுத்திவிட்டான். நான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. என் வாய்க்கு இது பெரிய சாதனை.

ஜனவரி 4, ஞாயிறு

மழை நின்று வெயில். பக்கத்து வீடுகள் எல்லாம் மெத்தையைக் கொண்டுவந்து வெளியே போட்டிருந்தார்கள். இன்று கிளினிக்கில் எனக்கு ஞாயிறு முறை. தலையை வாரும்போது மேஜை மேல் அந்த ஒரு யுவான் கிடந்தது. யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டேன். எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறை மேடையில் டக்கென்று வைத்தேன்.

"முதலாளி, ஒரு லாத்தே."

யாவ்தே முதுகைக் காட்டிக்கொண்டு தூளை அழுத்திக்கொண்டிருந்தான். கை நின்றது. என்ன காரியம் பண்ணினேன், எல்லாம் நல்லாப் போயிட்டிருக்கும்போது—

திரும்பினான். நாணயத்தை எடுத்தான், இரண்டு பக்கமும் பார்த்தான், துணியில் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இங்கேயே குடிக்கிறீங்களா, எடுத்துட்டுப் போறீங்களா?"

குடிக்கிறீங்களா என்றான். போறீங்களா என்றான். கோயில் சந்தில் ஒவ்வொரு காலையும் இதையேதான் கேட்பான். நானும் ஒவ்வொரு காலையும் 'எடுத்துட்டு' என்று சொல்லி ஓடுவேன். ஒரே ஒரு நாள் மாற்றிச் சொன்னேன், அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

"இங்கேயே" என்றேன்.

கிளினிக்குக்குத் தாமதமாகத்தான் போனேன். மெய்ஷுவான் ஏன் என்று கேட்டாள். பஸ் வரவில்லை என்று சொன்னேன்.