மறுபடியும் பிறந்த தேதி

ஆகஸ்ட் 7
வெள்ளி இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. கெஞ்சிக் கேட்கிறேன். உன்னோடு அறையில் யாராவது தங்கியிருந்தால் அவளிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. ஒரே குப்பைத்தொட்டியில் போடாமல் இரண்டு மூன்று இடத்தில் போடு.

உன் முகவரி எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். அம்மா உனக்கு எழுதிய கடிதங்கள் பிரிக்காமலேயே திரும்பி வருகின்றன அல்லவா? எல்லாவற்றையும் தையல் மெஷின் இழுப்பறையில் நூல்கண்டுகளுக்கு அடியில் வைத்திருக்கிறாள். பதினொன்று இருக்கின்றன. மேலே உள்ளதைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

இங்கே எல்லாம் அப்படியேதான். நாங்கள் இன்னும் ஜெபக்கூடத்தின் மாடியில்தான் இருக்கிறோம். படிக்கட்டில் மூன்றாவது படி இன்னும் கத்துகிறது. அப்பா ஊர்க் குழாயெல்லாம் சரிசெய்கிறார். நம் வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. கட்டிலில் நீ படுக்கும் பக்கத்தில் இப்போது அம்மா துணிமூட்டைகளை வைக்கிறாள். தூக்கத்தில் நீ உதைக்காததால் நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று நினைக்காதே.

விஷயம் இதுதான். இந்த மாதம் முப்பதாம் தேதி எனக்கு ஞானஸ்நானம். வரும் பதினாறாம் தேதி சபை மூப்பர்கள் கூப்பிட்டு விசாரிப்பார்கள். நான் மறுபடியும் பிறந்த தேதியைச் சொல்ல வேண்டும். நாள், நேரம், இடம், அப்போது உள்ளே என்ன நடந்தது, எல்லாம். நம் சபையில் தேதி இல்லாதவர்களைத் தண்ணீரில் இறக்குவதில்லை என்பது உனக்குத் தெரியாததா?

அக்கா, எனக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் கண்ணை மூடிக் காத்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் எல்லோரும் அழுகிறார்கள். எனக்கு மூக்குதான் அரிக்கிறது. ஒருநாள் மின்விசிறிக்கு நேராகக் கண்ணை இமைக்காமல் வைத்துத் தண்ணீர் வரவழைத்தேன். அதைப் பார்த்து போதகரம்மா என் தோளைத் தட்டி, “ஸ்தோத்திரம்” என்றார். அன்றிலிருந்து பயமாக இருக்கிறது.

ஒருவருக்கு அது நடந்துவிட்டது என்று எப்படித் தெரியும்? நீயாவது சொல். பதிலை என் வகுப்புத் தோழி ‘பென்சில்’ வீட்டுக்கு அனுப்பு. முகவரி பின்பக்கம். இத்தனை ஒல்லியாக இருக்கிறாளே தவிர, ரகசியம் தாங்குவாள்.

நீ என்மேல் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. அதனால்தான் உனக்கு எழுத இரண்டு வருஷம் ஆனது.

உன்
சுண்டெலி


ஆகஸ்ட் 12

என் அருமைச் சுண்டெலிக்கு,

உறையைப் பார்த்ததும் உன் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. இப்போதும் ‘க’ எழுதும்போது பேனாவை அப்படியேதான் அழுத்துகிறாய். பேப்பரின் மறுபக்கம் ஓட்டையே விழுந்திருக்கிறது. நீ சொன்னபடி கிழிக்கவில்லை. மன்னித்துக்கொள். யாருக்கும் காட்டவும் மாட்டேன்.

நான் இங்கே ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டில் உதவியாளாக இருக்கிறேன். துடைப்பது, துவைப்பது, தூக்குவது. அதோடு, பிறந்த குழந்தையின் காலில் கட்டும் அட்டையில் தேதியும் நேரமும் எழுதுவது. கையெழுத்து நன்றாக இருக்கிறதென்று அந்த வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று மட்டும் ஆறு பேர். ஒருவனாவது, “நான் இத்தனை மணிக்குப் பிறந்தேன், எழுதிக்கொள்” என்று சொன்னதில்லை. கத்துகிறான், அவ்வளவுதான். நேரம் பார்ப்பதெல்லாம் நாங்கள்.

நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான். ஆண்டவரை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நேசிக்க ஆரம்பித்தேன். காலையில் எந்த நிமிடம் வெளிச்சம் வந்தது என்று கேட்டால் என்ன சொல்வது? பாத்திரம் தெரிந்தால் விடிந்துவிட்டது என்று அர்த்தம். வேதத்தில், இரவில் ஒளிந்து வந்து, வயதானவன் மறுபடி எப்படிப் பிறப்பான் என்று கேட்ட பெரியவரை அவர் விரட்டிவிடவில்லை. தேதியும் கேட்கவில்லை. தேதி கேட்பது நம் சபைதான். எனக்கும் தேதி இல்லை. ஆனாலும் எல்லோரையும் போல வேதப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒன்றை எழுதி வைத்தேன். அது தப்பு. நீ அப்படிச் செய்யாதே. “இன்னும் இல்லை” என்று சொல். வெட்கமாகத்தான் இருக்கும். செத்துப்போக மாட்டாய்.

அம்மாவைப் பற்றி எனக்கு எழுத வேண்டாம். உனக்கு அப்போது பதின்மூன்று வயது. முழுவதும் தெரியாது. ஞானஸ்நானத்துக்கு நாலு நாள் முன்னால் அங்கிக்கு ஓரம் மடிக்க என்னை நிற்க வைத்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அப்போது, “தேதியைச் சும்மாதான் போட்டேன்மா” என்று சொன்னேன். அவள் ஒருத்தியிடம்தான். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை அங்கியோடு தொட்டி ஓரத்தில் நிற்கிறேன், சபை முழுக்க உட்கார்ந்திருக்கிறது, மூப்பர் எழுந்து, “உன் தேதி பொய்யாமே?” என்கிறார். அன்று சாயங்காலம் அப்பா சொன்னதை நீயும் கேட்டாய். “மறுபடியும் பிறக்காதவ இந்த வீட்ல பிறந்தவளே இல்ல.”

அப்பாவை மன்னித்துவிட்டேன். அவர் அப்படித்தான், குழாயைத் திருகுவது போலவே மனுஷரையும் திருகுவார். அம்மாவைத்தான் முடியவில்லை.

நன்றாகச் சாப்பிடு. கண்ணை மின்விசிறிக்குக் காட்டாதே.

அன்புடன்
அக்கா


ஆகஸ்ட் 17
திங்கள் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எழுதியதை நாலு தடவை படித்தேன். படித்தும் பயனில்லை. நேற்று பொய் சொல்லிவிட்டேன்.

மூன்று மூப்பர்களும் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா பின்னால், கதவருகில் நின்றார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

“எந்தத் தேதிம்மா?” என்றார் பெரிய மூப்பர்.

“இன்னும் இல்லை” என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பாவின் பாதம் தரையில் லேசாக உரசியது.

“ஜூன் பதினாலு. சாயங்காலக் கூட்டத்துல.”

“நேரம்?”

“ஏழேகால் இருக்கும்.”

“உள்ளே என்ன நடந்துச்சு?”

“பாரம் இறங்கின மாதிரி இருந்துச்சு.”

அதுவும் என் வார்த்தை இல்லை. எல்லோரும் சொல்வதுதான். சின்ன மூப்பர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார். அப்பா அழுதுவிட்டார், அக்கா. அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. படியேறும்போது என் தலையில் கை வைத்தார். கை முழுக்கக் குழாய் ஒட்டும் பிசின் வாசனை.

அம்மா மட்டும் தட்டை எடுத்து வைத்தாள். “சாப்பிடு” என்றாள்.

அவளைப் பற்றி எழுத வேண்டாம் என்றாய். இதை மட்டும் எழுதிக்கொள்கிறேன். எனக்குப் புது அங்கி தைக்கிறாள். உன்னுடையது பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அரை அடி குறைத்தால் எனக்குச் சரியாக இருக்கும். அப்பாவும் சொல்லிப் பார்த்தார், “எதுக்கு வீண் செலவு? பெரியவளோடத வெட்டித் தையேன்.” அம்மா மெஷினை நிறுத்தாமல், “அது அவளோடது” என்றாள்.

இந்தத் தடவையும் அங்கி தண்ணீரில் மிதக்காமலிருக்க அப்பாவின் பெட்டியிலிருந்து சின்னச் சின்ன நட்டுகளை எடுத்து ஓரத்தில் வைத்துத் தைக்கிறாள். “பாவம் போகுதோ இல்லையோ, பாவாடை மேலே வரக் கூடாது” என்று நீ சொன்னதும், அம்மா வாயில் ஊசியை வைத்துக்கொண்டே சிரித்ததும் நினைவிருக்கிறதா? எனக்கு நினைவிருக்கிறது.

அம்மா சொல்லியிருக்க மாட்டாள், அக்கா. அவள் அப்படிப்பட்டவள் இல்லை.

உன்
சுண்டெலி


ஆகஸ்ட் 23

சுண்டெலிக்கு,

பொய் சொன்னதற்கு உன்னைத் திட்ட எனக்கு அருகதை இல்லை. நானும் அதையே செய்தவள். ஆனால் அதை முதுகில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்காதே. நனைந்ததும் இன்னும் கனக்கும்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு ஒரே ஒரு தடவை பதில் சொல்கிறேன். அன்றைக்குப் பெட்டியோடு இறங்கும்போது படிக்கட்டில் நின்று அவளிடம் நேராகவே கேட்டேன். “நீதானேம்மா சொன்னே?” அவள் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். “நான் இல்லை” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். பொய்யாக இருந்தாலும் நம்பியிருப்பேன். அவள் சொல்லவில்லை. அதற்கப்புறம் கடிதத்தில் என்ன எழுதியிருந்தால் என்ன?

மாதக் கடைசியில் இந்த வேலையை விட்டு வேறு ஊருக்குப் போகிறேன். அங்கே பெரிய ஆஸ்பத்திரி, கொஞ்சம் நல்ல சம்பளம். திங்கட்கிழமை முப்பத்தொன்றாம் தேதி காலை வண்டி. புது முகவரியை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. உனக்கும்தான். உன்னிடம் இருந்தால் அது அம்மாவின் இழுப்பறைக்குப் போய்ச் சேரும். உன்னை அம்மாவிடம் மறைக்கச் சொல்லி வளர்ப்பதும் பாவம்.

நீ வளர்ந்து பெரியவளானதும் என்னைத் தேடிக்கொண்டு வா. கால் அட்டையில் அழகாக எழுதுகிறவள் யார் என்று கேட்டால் சொல்வார்கள்.

என்றும் உன்
அக்கா


ஆகஸ்ட் 29
சனி இரவு

அக்கா,

நாளைக்குத் தபால் கிடையாது. திங்கட்கிழமை காலை நீ வண்டி ஏறிவிடுவாய். இது உன் கைக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். உன் கடிதம் பென்சிலிடம் புதன்கிழமையே வந்துவிட்டது. மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் எழுதவில்லை. அதையும் என் தப்போடு சேர்த்துக்கொள்.

நான்தான் சொன்னேன்.

அன்றைக்கு அம்மா உனக்கு ஓரம் மடித்தபோது நான் வெட்டும் மேஜைக்கு அடியில் துணிக்குவியலில் படுத்திருந்தேன். தூங்குவதுபோல நடித்தேன். நீங்கள் இருவரும் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும், அதனால்தான். நீ சொன்னது எல்லாம் கேட்டது. அம்மா உன்னிடம் என்ன சொன்னாள் என்பதும் கேட்டது. “இன்னைக்கு இல்லேன்னா என்ன, ஒருநாள் வரும். இப்ப அசையாம நில்லு.” இவ்வளவுதான் அவள் சொன்னது.

மறுநாள் பிள்ளைகள் வகுப்பு. சுவரில் எங்கள் எல்லோருடைய பெயரும் இருக்கும், மறுபடியும் பிறந்தவர்களுக்கு நேரே காகித நட்சத்திரம், அதில் தேதி. எல்லோருக்கும் ஒட்டியாகிவிட்டது. எனக்கு மட்டும் இல்லை. போதகரம்மா எல்லோருக்கும் முன்னால், “உங்க அக்காவைப் பாரு, ஞாயித்துக்கிழமை தண்ணியில இறங்கப் போறா. நீ மட்டும் ஏம்மா இப்படி இருக்கே?” என்றார். பின்வரிசை சிரித்தது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“அக்காவே இன்னும் பொறக்கல. அந்தத் தேதி பொய். அவளே அம்மாகிட்ட சொன்னா” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. போதகரம்மா என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூட்டிப்போய், மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். உண்மையைப் பேசியதற்காக ஒரு மிட்டாய் கொடுத்தார். அதைச் சாப்பிட்டேன், அக்கா.

நீ படிக்கட்டில் அம்மாவிடம் கேட்டபோது நான் அவளுக்குப் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீ அழுதுகொண்டிருந்ததால் பார்க்கவில்லை. அம்மா முதலில் திரும்பி என்னைப் பார்த்தாள். என் முகத்தில் இருந்ததைப் படித்துவிட்டாள். அப்புறம்தான் உன் பக்கம் திரும்பித் தலையைக் குனிந்தாள்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று நான் கேட்டதில்லை. அவளும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கடிதம் திரும்பி வந்த பதினொரு தடவையும் நான் வீட்டில்தான் இருந்தேன். ஒவ்வொரு தடவையும் தபால்காரரிடம், “பரவாயில்லை, குடுங்க” என்பாள். என்னைப் பார்க்க மாட்டாள். பார்த்தால் நான் உடைந்துவிடுவேன் என்று தெரிந்திருக்கும். நான் உடையக் கூடாது என்று அவள் நினைத்தாள். நானும் அதுவே வசதி என்று இருந்துவிட்டேன்.

கீழே அப்பா மேடைப் பலகைகளைக் கழற்றிவிட்டு, அடியிலிருக்கும் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார். நிரம்ப ஐந்தாறு மணி நேரம் ஆகும். தரை வழியாகச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெளிச்சம் தெரியாமலிருக்கக் கதவடியில் துண்டைச் செருகியிருக்கிறேன். சத்தத்துக்கு என்ன செருகுவது?

நாளைக்குத் தொட்டி ஓரத்தில் நின்று ஜூன் பதினாலு பொய் என்று சொல்லப்போகிறேன். உன்னைப் பற்றிச் சொன்னது யார் என்பதையும் சொல்லப்போகிறேன். அப்பா உனக்குச் சொன்னதையே எனக்கும் சொல்லுவார். எனக்குப் போக ஆஸ்பத்திரியும் இல்லை, ஒன்றும் இல்லை. பாரம் இறங்கின மாதிரியெல்லாம் இல்லை. உண்மையை எழுதினால் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, அவ்வளவுதான். அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, பக்கத்து அறையில்தான் இருக்கிறாள்.

முதல் கடிதத்தில் யாரிடமும் காட்டாதே என்று கெஞ்சினேன். இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. இது உன் கைக்கு வராவிட்டாலும்

அம்மாவின் மெஷின் சத்தம் நின்றுவிட்டது.

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா இல்லை, கீழே இருக்கிறார். இரண்டு தடவை மெதுவாகத் தட்டுவது அம்மா மட்டும்தான். “தூங்கிட்டியா? ஓரம் தச்சிட்டேன், ஒரு தடவை போட்டுப் பாரு” என்கிறாள். அவள் கையில் நட்டுகள் ஒன்றோடொன்று உரசுவது கேட்கிறது.

எப்போதும் கடிதத்தைத் தலையணைக்குள் திணித்துவிடுவேன். இன்றைக்கு முடியாது. அக்கா, இதை அவள் கையில்தான் கொடுக்கப்போகிறேன். துண்டை எடுத்துவிட்டேன். மறுபடியும் தட்டுகிறாள்.