நடுக்கோட்டில் ஒரு சண்டை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். ஞாயிறன்று செடெனாக் தோட்டத்திலிருந்து உன் மாமனார் வந்திருந்தார். "தங்கமான பொண்ணுங்க, வாத்தியாரே. என்ன சொன்னாலும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது" என்று உன்னைப் புகழ்ந்தார். உன் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. நான் எழுந்து பள்ளித் திடலுக்குப் போய்விட்டேன்.

சடுகுடுக் கோடுகள் மழையில் அழிந்து கிடந்தன. அங்கேதான் அன்றொரு நாள், சடுகுடு பாடிப் போன நீ பாதியில் மூச்சு விட்டுவிட்டாய், அவுட் என்று நான் சொன்னதும், "நான் மூச்சே விடலப்பா! வாத்தியாருன்னா என்ன வேணா சொல்லலாமா?" என்று நடுக்கோட்டில் நின்று காலை உதைத்துக் கத்தினாய். பையன்கள் அதே இடத்தில் தினமும் கட்டிப் புரளுவார்கள். அதை வீரம் என்பார்கள். உன்னைப் பார்த்த நம் தோட்டத்து லய வீட்டுப் பெண்களோ, "பொட்டப்புள்ளைக்கு இம்புட்டுக் கோவமா? யாரு கட்டுவா?" என்றார்கள்.

அடுத்த மாதமே உனக்குக் கல்யாணம் பேசினோம்.

இப்போது பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கும்மி மட்டும்தான். யாரும் தோற்பதில்லை. யாரும் என்னோடு மல்லுக்கு நிற்பதுமில்லை.

தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வாம்மா. குழம்பில் உப்பில்லை என்றோ, அன்றைக்கு நான் சொன்னது தப்பு என்றோ, எதையாவது சொல்லி என்னோடு ஒரு சண்டை போடு.

உன் குரல் கேட்கக் காத்திருக்கும்,
அப்பா